வைட்டமின் டியும் மார்பகப் புற்றுசெல்லின் மரபணுக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிர்தொழில்நுட்ப மாணவர்கள், ஆய்வகத்தில் புதிதாகச் செல் வளர்ப்பைத் தொடங்கியவர்கள், "வைட்டமின் டி புற்றுநோய் மரபணுவை அணைக்கிறது" என்ற செய்தியைப் படித்துவிட்டு விளக்கம் தேடும் குடும்பத்தினர் என மூன்று தரப்பினருக்கும் சேர்த்து எழுதப்பட்ட பக்கம் இது. முதல் பாதி செல்லுக்குள் நடப்பதைச் சொல்கிறது. நடுவில் சோதனை செய்முறை வருகிறது. சிகிச்சையில் இருப்பவர்களுக்கான பதில்கள் கடைசிப் பகுதியில் உள்ளன. அவசரமென்றால் நேரே அங்கே போய்விடலாம்.

சாப்பிடும் வைட்டமின் எப்படி ஒரு மரபணுவைத் தொடுகிறது?

மாத்திரையாகவோ உணவாகவோ உள்ளே போவதும், வெயில் பட்டுத் தோலில் உண்டாவதும் பெரும்பாலும் கோலிகால்சிஃபெரால் என்ற டி3தான். அந்த வடிவத்தில் அது எந்த மரபணுவையும் தொடாது. முதலில் கல்லீரலில் 25-ஆம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் சேர்ந்து 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி ஆகிறது. ரத்தப் பரிசோதனையில் அளப்பது இதைத்தான். அடுத்து சிறுநீரகத்தில் சிஒய்பி27பி1 என்ற நொதி 1-ஆம் கார்பனில் இன்னொரு ஹைட்ராக்சிலைச் சேர்க்கிறது. அப்போது கிடைப்பது கால்சிட்ரியால். ஹார்மோனாக வேலை செய்வது இதுதான்.

கால்சிட்ரியால் கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறு; செல் சவ்வைத் தாண்டி உள்ளே போய் வைட்டமின் டி ஏற்பி என்ற புரதத்தில் பொருந்துகிறது. சுருக்கமாக விடிஆர். 427 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதத்துக்கான மரபணு 12-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. கால்சிட்ரியால் பொருந்தியதும் விடிஆரின் வால்பகுதிச் சுருள் மடங்கி இடம் மாறுகிறது. அது ஆர்எக்ஸ்ஆர் என்ற இன்னொரு ஏற்பியுடன் இணை சேர்ந்து டிஎன்ஏவில் ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தேடி உட்காருகிறது. ஏஜிஜிடிசிஏ-வை ஒத்த ஆறெழுத்துத் துண்டு இருமுறை வரும், நடுவே மூன்று எழுத்து இடைவெளி இருக்கும். இதுதான் வைட்டமின் டி மறுவினைப் பகுதியின் பொது அடையாளம்.

உட்கார்ந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பது உடன் வரும் புரதங்களைப் பொறுத்தது. சிபிபி, பி300 போன்றவை வந்தால் டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் அசெட்டைல் குழுக்கள் ஒட்டி, இறுகியிருந்த டிஎன்ஏ தளர்கிறது. மீடியேட்டர் தொகுதி வந்து ஆர்என்ஏ பாலிமரேஸை அழைக்கிறது, படியெடுப்பு கூடுகிறது. மாறாக என்கோர், ஸ்மர்ட் போன்ற ஒடுக்கிப் புரதங்கள் சேர்ந்தால் அந்த மரபணு அடங்கும். ஒரே ஏற்பி ஒரே செல்லில் சில மரபணுக்களை ஏற்றுவதும் சிலவற்றை இறக்குவதும் இதனால்தான்.

அப்படியானால் டிஎன்ஏ மாறிவிடுகிறதா?

இல்லை. எழுத்து வரிசை அப்படியே இருக்கும். எந்த மரபணு எவ்வளவு படியெடுக்கப்படுகிறது என்பதுதான் மாறும். புற்றுநோயை உண்டாக்கிய சடுதிமாற்றத்தை வைட்டமின் டி திருத்தாது.

மார்பகப் புற்றுசெல்களில் இந்த ஏற்பி உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. மார்பகப் புற்றுசெல்லில் கால்சிட்ரியால் ஏற்பி இருப்பதாக 1979-லேயே ஆய்வறிக்கை வந்துவிட்டது. இயல்பான மார்பக எபிதீலியத்திலும் உண்டு. விடிஆர் நீக்கப்பட்ட எலிகளில் பருவ வயதில் மார்பகக் குழாய்கள் வழக்கத்தைவிட அதிகமாகக் கிளைக்கின்றன. அதாவது, வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுவது இந்த ஏற்பியின் இயல்பான வேலைகளில் ஒன்று.

ஆனால் எல்லாக் கட்டிகளிலும் ஒரே அளவில் இல்லை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள கட்டிகளில் பொதுவாக விடிஆர் அதிகம், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 ஆகிய மூன்று ஏற்பிகளும் இல்லாத மும்மை எதிர்மறைக் கட்டிகளில் குறைவு. குறைவதற்கும் காரணங்கள் தெரியும். சில செல்களில் விடிஆர் மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் குழுக்கள் ஒட்டி அதை அமைதியாக்கியிருக்கின்றன. மெத்திலேற்றத்தைத் தடுக்கும் டெசிடபின் கொடுத்தால் விடிஆர் மீண்டும் தலைகாட்டுகிறது. ஸ்நெய்ல், ஸ்லக் போன்ற, செல் இடம்பெயரத் தூண்டும் புரதங்களும் விடிஆரை ஒடுக்கும். பரவும் தன்மை கூடக்கூட வைட்டமின் டிக்குச் செவிசாய்க்கும் திறன் குறைகிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மருந்து மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் ஏற்பி மெலிந்து கிடக்கிறது.

எந்த மரபணுக்கள் ஏறுகின்றன, எவை இறங்குகின்றன?

செல் சுழற்சியிலிருந்து தொடங்கலாம். கால்சிட்ரியால் கொடுத்த எம்சிஎஃப்-7 என்ற, ஆய்வகத்தில் வளர்க்கும் மார்பகப் புற்றுசெல்களில் பி21, பி27 ஆகிய தடைப் புரதங்கள் கூடுகின்றன. செல் பெருக்கத்தைத் தூண்டும் சைக்ளின் டி1, மைக் ஆகியவை குறைகின்றன. விளைவாக, செல்கள் ஜி1 கட்டத்தில் தேங்கி நிற்கின்றன, டிஎன்ஏவைப் பிரதியெடுக்கும் எஸ் கட்டத்துக்குள் நுழைவது குறைகிறது. பிசிஎல்2 இறங்குவதால் செல்தற்கொலைக்கான தடையும் தளர்கிறது. ஐஜிஎஃப்பிபி3 கூடுவதால் இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணியின் தூண்டுதல் மட்டுப்படுகிறது. செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் இ-கேட்ஹெரின் சில செல் வகைகளில் உயர்கிறது.

இவை பெரும்பாலான புற்றுசெல்களுக்கும் பொதுவானவை. மார்பகத்துக்கே உரிய விஷயம் ஈஸ்ட்ரோஜன் பாதையில் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு உடலில் ஈஸ்ட்ரோஜன் முக்கியமாகக் கொழுப்புத் திசுவில் அரோமட்டேஸ் நொதி வழியாக உருவாகிறது. அந்த நொதியின் மரபணு சிஒய்பி19ஏ1. அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட தொடக்கப் பகுதிகள் உண்டு. ஒவ்வொரு திசுவும் தனக்கென ஒன்றைப் பயன்படுத்துகிறது. மார்பகப் புற்றுசெல்லிலும் அதைச் சூழ்ந்த கொழுப்பிலும் பயன்படும் பகுதியைக் கால்சிட்ரியால் ஒடுக்குகிறது, எலும்புச் செல்லிலோ அரோமட்டேஸ் கூடுகிறது. கட்டிக்கு அருகில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, எலும்பில் குறையாமல் இருப்பது விரும்பத்தக்க வேறுபாடு. ஆய்வாளர்கள் இந்தப் பாதையை விடாமல் பின்தொடர்வதற்கு இதுவே காரணம்.

இதோடு, அழற்சிச் சைகையான புராஸ்டாகிளாண்டினை உண்டாக்கும் காக்ஸ்-2 நொதி இறங்குகிறது, அதைச் சிதைக்கும் 15-பிஜிடிஎச் ஏறுகிறது. புராஸ்டாகிளாண்டின் இ2 அரோமட்டேஸைத் தூண்டும் என்பதால், அது குறையும்போது அரோமட்டேஸ் மேலும் இறங்கும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபாவின் அளவும் எம்சிஎஃப்-7 செல்களில் குறைகிறது. ஆக, ஈஸ்ட்ரோஜன் உற்பத்தி, அதைத் தூண்டும் அழற்சிச் சைகை, அதைக் கேட்கும் ஏற்பி ஆகிய மூன்றும் ஒருசேரத் தணிகின்றன.

ஒவ்வொன்றும் எவ்வளவு மாறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பி21 போன்றவை ஒன்றரை, இரண்டு மடங்கு மாறினாலே அதிகம். நூற்றுக்கணக்கான மடங்கு மாறும் மரபணு ஒன்றே ஒன்றுதான். அதற்குத் தனிப் பதில் வேண்டும்.

சிஒய்பி24ஏ1 பற்றி எல்லாக் கட்டுரைகளிலும் பேசுகிறார்களே, ஏன்?

கால்சிட்ரியாலைச் சிதைக்கும் நொதிக்கான மரபணு அது. கால்சிட்ரியால் செல்லுக்குள் வந்ததும் மிக வேகமாக, மிக அதிகமாக ஏறுவதும் அதுதான். 24-ஆம் கார்பனில் தொடங்கிப் பக்கச் சங்கிலியைப் படிப்படியாக நறுக்கி, கடைசியில் கால்சிட்ரோயிக் அமிலமாக்கி வெளியேற்றிவிடுகிறது. ஹார்மோன் தன் முடிவுக்கான கட்டளையைத் தானே பிறப்பிக்கிறது. உடலுக்கு இது அவசியமான பாதுகாப்பு; இல்லாவிட்டால் கால்சியம் கட்டுமீறி உயரும்.

இந்த மரபணு இருப்பது 20-ஆம் குரோமோசோமில், 20கியூ13.2 என்ற இடத்தில். மார்பகக் கட்டிகள் சிலவற்றில் அந்தப் பகுதி பல பிரதிகளாகப் பெருகியிருப்பது 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்விலிருந்து தெரியும். அப்படிப்பட்ட கட்டி தனக்கு வரும் கால்சிட்ரியாலை வழக்கத்தைவிட வேகமாக அழித்துவிடும். ரத்தத்தில் வைட்டமின் டி போதுமான அளவு இருந்தும் கட்டிக்குள் அது வேலை செய்யாமல் போவதற்கு இது ஒரு வழி.

சோதனை செய்பவர்களுக்கு இதில் இரண்டு பாடங்கள். சிஒய்பி24ஏ1 ஏறினால் "மருந்து உயிரோடிருக்கிறது, ஏற்பி வேலை செய்கிறது" என்று பொருள்; அந்த வகையில் இதைவிடச் சிறந்த கட்டுப்பாட்டு அளவீடு இல்லை. ஆனால் அது ஏறியதை வைத்து "புற்று அடங்கியது" என்று எழுதக் கூடாது. மும்மை எதிர்மறை வகையான எம்டிஏ-எம்பி-231 செல்களிலும் சிஒய்பி24ஏ1 ஏறும். அதே அளவு மருந்தில் அவற்றின் வளர்ச்சியோ எம்சிஎஃப்-7 அளவுக்குத் தடைபடுவதில்லை.

ஆய்வகத்தில் எவ்வளவு சேர்க்கிறார்கள், உடலில் எவ்வளவு இருக்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். ரத்தத்தில் கால்சிட்ரியால் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 20 முதல் 60 பிகோகிராம். மூலக்கூறு எடை 416.6 என்று வைத்து மாற்றினால் ஏறக்குறைய 50 முதல் 145 பிகோமோலார். செல் சோதனைகளில் வழக்கமாகச் சேர்ப்பது 10 முதல் 100 நானோமோலார். 100 நானோமோலார் என்பது ரத்த அளவைப்போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. அந்த அளவை மனித உடலில் கொண்டுவர முயன்றால், அதற்கு வெகு முன்பே ரத்தக் கால்சியம் ஆபத்தான உயரத்துக்குப் போய்விடும்.

சோதனை பொய் என்று இதற்குப் பொருளில்லை. வளர்ப்புத் தட்டில் மருந்து ஒருமுறைதான் சேர்க்கப்படுகிறது, சிதைந்துகொண்டே போகிறது, சீரம் புரதங்களும் பிளாஸ்டிக்கும் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. எனினும் 100 நானோமோலாரில் மட்டும் தெரியும் விளைவை மாத்திரையோடு முடிச்சுப்போடக் கூடாது.

உடலுக்கு நெருக்கமான இன்னொரு வழி உண்டு. மார்பகச் செல்கள் பலவற்றுக்குச் சொந்தமாகவே சிஒய்பி27பி1 இருக்கிறது. 25-ஹைட்ராக்சி வைட்டமின் டியை உள்ளே இழுத்து அங்கேயே கால்சிட்ரியாலாக மாற்றிக்கொள்ள அவற்றால் முடியும். 25-ஹைட்ராக்சியின் ரத்த அளவு 50 முதல் 100 நானோமோலார் வரை இருப்பது சாதாரணம். எனவே கால்சிட்ரியாலுக்கு இணையாக, 100 நானோமோலார் 25-ஹைட்ராக்சி சேர்த்த குழிகளையும் வையுங்கள். அங்கும் மரபணு அசைந்தால் உங்கள் முடிவுக்கு எடை கூடும்.

கால்சிட்ரியால் கரைசலை எப்படித் தயாரிப்பது?

10 மைக்ரோகிராம் குப்பி என்றால் அதில் 24 நானோமோல் இருக்கிறது. நீரற்ற தூய எத்தனாலில் 240 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 100 மைக்ரோமோலார் மூலக்கரைசல். ஒரு மில்லிலிட்டர் ஊடகத்துக்கு 1 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 100 நானோமோலார், எத்தனால் 0.1 சதவீதம். 10 நானோமோலார் வேண்டுமானால் மூலக்கரைசலை எத்தனாலிலேயே பத்து மடங்கு நீர்த்து, அதிலிருந்து அதே 1 மைக்ரோலிட்டர் எடுக்க வேண்டும். மூலக்கரைசலிலிருந்து 0.1 மைக்ரோலிட்டர் எடுக்க முயலாதீர்கள். பிப்பெட்டில் அந்த அளவு நம்பத்தக்கதல்ல, எத்தனால் அளவும் குழிக்குக் குழி மாறிவிடும். மருந்தில்லாத கட்டுப்பாட்டுக் குழிக்கும் 0.1 சதவீத எத்தனால் கட்டாயம்.

வெளிச்சமும் காற்றும் கால்சிட்ரியாலுக்குப் பகை. பழுப்புநிறக் கண்ணாடிக் குப்பியில் சிறு பங்குகளாகப் பிரித்து, குப்பியின் காற்றை நைட்ரஜனோ ஆர்கானோ கொண்டு வெளியேற்றி, உறைநிலைக்குக் கீழ் 20 டிகிரியில், முடிந்தால் 80 டிகிரியில் வையுங்கள். எடுக்கும்போது குளிர்ந்த குப்பியை உடனே திறந்தால் ஈரப்பதம் உள்ளே படியும். அறை வெப்பத்துக்கு வந்தபின் திறக்க வேண்டும். அடிக்கடி திறக்கும் குப்பியில் எத்தனால் ஆவியாகி மருந்தின் செறிவு கூடிவிடும். சென்ற மாதம் கிடைத்த முடிவு இந்த மாதம் இரட்டிப்பாகத் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

பழைய கரைசல் நன்றாக இருக்கிறதா என்று அறிய புறஊதா அளவி போதும். கால்சிட்ரியால் 264 நானோமீட்டரில் உச்சமாக ஒளியை உறிஞ்சும். எத்தனாலில் 10 மைக்ரோமோலார் கரைசல், ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் ஏறக்குறைய 0.18 முதல் 0.19 காட்ட வேண்டும். கணிசமாகக் குறைந்தாலோ உச்சி இடம் மாறினாலோ அந்தக் குப்பியைக் கைவிடுங்கள்.

எந்தச் செல்களை எடுப்பது? ஊடகத்தில் எதைக் கவனிப்பது?

எம்சிஎஃப்-7, டி-47டி இரண்டும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளவை. எஸ்கே-பிஆர்-3 ஹெர்2 மிகுந்தது. எம்டிஏ-எம்பி-231 மும்மை எதிர்மறை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளதில் ஒன்று, இல்லாததில் ஒன்று, இவற்றோடு புற்றல்லாத எம்சிஎஃப்-10ஏ என மூன்று வகை இருந்தால் ஒப்பீட்டுக்கு நல்லது.

செல்லின் அடையாளத்தை எஸ்டிஆர் என்ற டிஎன்ஏ அடையாளப் பரிசோதனையால் உறுதிசெய்யாமல் தொடங்காதீர்கள். எம்டிஏ-எம்பி-435 என்ற செல் வகை பல ஆண்டுகள் மார்பகப் புற்றாகவே பயன்பட்டு, பிறகு மெலனோமா வகையான எம்14 என்று தெரியவந்தது. அட்ரியாமைசின் எதிர்ப்புள்ள எம்சிஎஃப்-7 என்று பெயரிட்டு உலவிய வகை உண்மையில் சினைப்பைப் புற்றிலிருந்து வந்தது. மைக்கோபிளாஸ்மா சோதனையும் அப்படியே. தொற்று இருந்தால் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் தாமாகவே மாறியிருக்கும்.

ஊடகத்தில் சிக்கல் தருபவை இரண்டு. ஃபீனால் ரெட் நிறமி மெல்லிய ஈஸ்ட்ரோஜன் விளைவு காட்டும் என்பது 1986-லிருந்து தெரிந்த செய்தி. ஈஸ்ட்ரோஜன் பாதையை அளப்பதென்றால் நிறமியில்லாத ஊடகம் வேண்டும். கன்றுச் சீரத்தில் ஹார்மோன்களும் வைட்டமின் டியும் ஏற்கெனவே இருக்கின்றன. கரி கொண்டு வடித்த சீரத்தை 5 சதவீதம் சேர்த்து, மருந்துக்கு முன் 48 முதல் 72 மணி நேரம் செல்களை அதில் வைத்திருங்கள். கரி சிறிய மூலக்கூறுகளைத்தான் நீக்கும். வைட்டமின் டி பிணைப்புப் புரதம் அப்படியே தங்கிவிடும். சீரத்தின் சதவீதம் மாறினால் செல்லுக்குக் கிடைக்கும் கட்டற்ற கால்சிட்ரியாலும் மாறும். எனவே ஒரு தொடர் சோதனை முழுவதற்கும் ஒரே தொகுதிச் சீரத்தை ஒதுக்கி வையுங்கள்.

ஆறு குழித் தட்டில் ஒரு குழியின் பரப்பு சுமார் 9.5 சதுர சென்டிமீட்டர். எம்சிஎஃப்-7 என்றால் குழிக்கு மூன்று லட்சம் செல்கள் பொருந்தும். 72 மணி நேரம் ஓட்டுவதாக இருந்தால் பாதியாகக் குறையுங்கள். கட்டுப்பாட்டுக் குழி நிரம்பி வழிந்து மருந்துக் குழி பாதியில் நின்றால் அங்கே இரண்டு விளைவுகள் கலந்துவிடும். நெருக்கம் மட்டுமே பி27-ஐ உயர்த்தும். கட்டுப்பாட்டிலும் அது உயர்ந்துவிட்டால், "கால்சிட்ரியால் எதையும் மாற்றவில்லை" என்ற தவறான முடிவு வரும்.

எத்தனை மணி நேரத்தில் செல்களை எடுப்பது?

நேரடி இலக்குகளுக்கு 2 முதல் 6 மணி நேரம். சிஒய்பி24ஏ1-ஐ 4, 24 ஆகிய மணிகளில் பாருங்கள். செல் சுழற்சிப் புரதங்களுக்கு 24 முதல் 48. வளர்ச்சி வேறுபாட்டுக்கு 72 முதல் 120, நடுவில் மருந்தோடு ஊடகத்தை மாற்ற வேண்டும், ஏனென்றால் செல்களே அதைச் சிதைத்துக்கொண்டிருக்கின்றன. 24 மணி நேரத்தில் மட்டும் ஒரே ஒரு மாதிரி எடுத்துவிட்டு மரபணுப் பட்டியல் போடுவது பெருவழக்கமாக இருக்கிறது. முதன்மை விளைவா, அதன் பின்விளைவா என்று அந்தப் பட்டியலில் பிரித்தறிய முடியாது.

கியூபிசிஆர் முடிவில் 500 மடங்கு என்று வருகிறது. நம்பலாமா?

கியூபிசிஆர் என்பது எம்ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகலைப் பெருக்கி அளக்கும் முறை; சிக்னல் தெரியத் தேவைப்படும் சுழற்சி எண்தான் சிடி, அது குறைந்தால் எம்ஆர்என்ஏ அதிகம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டுப்பாட்டில் சிஒய்பி24ஏ1-இன் சிடி 34, ஒப்பீட்டு மரபணுவான ஜிஏபிடிஎச்-இன் சிடி 17; வேறுபாடு 17. மருந்து கொடுத்ததில் 25-உம் 17-உம், வேறுபாடு 8. இரண்டுக்கும் இடைவெளி 9 சுழற்சி, 2-இன் 9-ஆம் அடுக்கு 512. சரி. ஆனால் சிடி 34 என்பது குழாயில் சில மூலக்கூறுகளே இருக்கும் நிலை. அங்கே மூன்று பிரதிகளுக்குள் ஒன்றரைச் சுழற்சி ஆடுவது இயல்பு. 34-க்குப் பதில் 32.5 வந்திருந்தால் 181 மடங்கு, 35.5 வந்திருந்தால் 1448 மடங்கு. மூன்றும் ஒரே உயிரியல் உண்மையின் மூன்று முகங்கள். எனவே இந்த மரபணுவுக்கு மடங்கை எழுதும்போது மூல சிடி மதிப்புகளையும் சேர்த்துக் கொடுங்கள்.

பி21-இல் சிக்கல் எதிர்ப்பக்கம். அங்கே இடைவெளியே ஒரு சுழற்சிக்குள்தான். 0.3 சுழற்சிப் பிழை 23 சதவீத வேறுபாட்டைப் போலியாகக் காட்டிவிடும். அதனால் ப்ரைமரின் திறன் 90 முதல் 110 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று ஐந்து நீர்த்தல்களில் சோதித்திருக்க வேண்டும். உருகு வளைவில் ஒரே உச்சி வேண்டும். தலைகீழ்ப் படியெடுப்பு நொதி சேர்க்காத குழாய் ஒன்று வேண்டும். அதிலும் சிக்னல் வந்தால் மரபணு டிஎன்ஏ கலந்திருக்கிறது, டிஎன்ஏஸ் படியைத் திரும்பச் செய்யுங்கள். ஒப்பீட்டு மரபணு குறைந்தது இரண்டு. ஜிஏபிடிஎச் வளர்சிதைமாற்றத்தோடு சேர்ந்து ஆடக்கூடியது, அதை மட்டும் நம்பி வளர்ச்சித் தடைச் சோதனையை அளப்பது தவறு.

மூன்று குழாய்களில் ஒரே மாதிரியை ஓட்டுவது மூன்று சோதனை ஆகாது. வெவ்வேறு நாளில், வெவ்வேறு பாஸேஜ் (செல்களைப் புதுத் தட்டுக்கு மாற்றும் முறை) செல்களில் செய்த மூன்றுதான் மூன்று.

ஒரு மரபணுவை விடிஆர் நேரடியாகத்தான் இயக்குகிறது என்று எப்படி நிறுவுவது?

சைக்ளோஹெக்சிமைடு முதல் வழி. புதுப் புரதம் உருவாவதை அது தடுக்கும். மருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பு மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் சேர்த்த பிறகும் மரபணு ஏறினால், இடையில் இன்னொரு புரதம் தேவைப்படவில்லை என்று கொள்ளலாம். ஆனால் சைக்ளோஹெக்சிமைடு மட்டுமே மைக் போன்ற குறுவாழ்வு எம்ஆர்என்ஏக்களை நிலைப்படுத்தி உயர்த்திவிடும். அது மட்டும் சேர்த்த குழி இல்லாமல் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை.

உறுதியான வழி, டிஎன்ஏவில் ஒரு புரதம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று காட்டும் குரோமட்டின் வீழ்படிவாக்கம். 1 சதவீத ஃபார்மால்டிஹைடில் 10 நிமிடம் பிணைத்து, 125 மில்லிமோலார் கிளைசினில் 5 நிமிடம் நிறுத்தி, ஒலியலையால் 200 முதல் 500 இணை நீளத் துண்டுகளாக்கி, விடிஆர் எதிர்ப்பொருளால் இழுக்க வேண்டும். நேர்மறைக் கட்டுப்பாடாகச் சிஒய்பி24ஏ1-இன் தொடக்கப் பகுதியை வையுங்கள். அங்கே படியெடுப்புத் தொடக்கத்துக்கு மேலே 300 இணைகளுக்குள் இரண்டு மறுவினைப் பகுதிகள் இருக்கின்றன. அதிலேயே செறிவு வராவிட்டால் எதிர்ப்பொருளோ ஒலியலைப் படியோ பழுது. வேறு மரபணுவைப் பார்ப்பதில் பயனில்லை. பிணைப்பு நேரம் நீண்டால் துண்டாவது கடினம், இதுவே அடிக்கடி நேரும் தோல்வி.

விடிஆரைக் குறுக்கீட்டு ஆர்என்ஏவால் குறைத்து, விளைவு மறைகிறதா என்று பார்ப்பதையும் சேர்த்தால் வாதம் முழுமையாகும்.

எல்லா மரபணுவையும் ஒருசேரப் பார்க்க ஆர்என்ஏ வரிசையறிதல்?

செய்யலாம். ஆர்என்ஏ தரக்குறி 8-க்கு மேல், நிலைக்குக் குறைந்தது மூன்று உயிரியல் பிரதிகள், மாதிரிக்கு 2 முதல் 3 கோடி வாசிப்புகள். எல்லாக் கட்டுப்பாடுகளையும் ஒரு நாளிலும் மருந்து கொடுத்தவற்றை மறுநாளிலும் தயாரித்தால் நாள் வேறுபாட்டையும் மருந்து வேறுபாட்டையும் எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. பலமுறை ஒப்பிடுவதற்கான திருத்தம் செய்த பி மதிப்பையே பயன்படுத்துங்கள். பட்டியலில் சிஒய்பி24ஏ1 முதல் வரிசைகளில் வராவிட்டால் மேலே போகாமல் சோதனையைத் திரும்பப் பாருங்கள்.

கால்சிட்ரியால் சேர்த்தும் எதுவுமே அசையவில்லை. எங்கே தேடுவது?

முதலில் புறஊதா அளவியில் மருந்தைப் பாருங்கள். மருந்து நன்றாக இருந்தால் வெஸ்டர்ன் பிளாட்டில் விடிஆர் புரதம் இருக்கிறதா என்று பாருங்கள். கால்சிட்ரியால் பொருந்திய விடிஆர் நிலைபெறுவதால், மருந்து கொடுத்த மாதிரியில் பட்டை சற்று அடர்த்தியாகவே வர வேண்டும். ஏற்பியும் இருந்தால், எடுத்த நேரம் பிந்திவிட்டதா என்று யோசியுங்கள். சிதைக்கும் நொதி மிகுந்த செல்லில் 24 மணி நேரத்துக்குள் மருந்து பெருமளவு கரைந்து, சில மரபணுக்கள் பழைய நிலைக்கே திரும்பியிருக்கும். சீரம் 10 சதவீதத்துக்கு ஏறியிருந்தால் கட்டற்ற அளவு குறைந்திருக்கும். இவை எதுவுமில்லை, செல்லும் பழையது என்றால், முப்பது நாற்பது பாஸேஜ் தாண்டிய அந்தக் குடுவையை விட்டுவிட்டு உறைவைப்பிலிருந்து புதிதாக எடுங்கள்.

தட்டில் இவ்வளவு தெளிவாகத் தெரிவது மனிதரில் ஏன் தெரியவில்லை?

பெரிய சோதனைகளின் முடிவைச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவின் மகளிர் நல முன்முயற்சி என்ற ஆய்வில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதியினருக்குத் தினமும் 1000 மில்லிகிராம் கால்சியமும் 400 அலகு டி3-உம், மறுபாதியினருக்குப் போலி மாத்திரை. சராசரியாக ஏழு ஆண்டுகளில் ஊடுருவும் மார்பகப் புற்று முதல் பிரிவில் 528 பேருக்கு, இரண்டாவதில் 546 பேருக்கு. வேறுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும். 2018-இல் வெளியான வைட்டல் ஆய்வில் 25,871 பேர், தினம் 2000 அலகு. அங்கும் மார்பகப் புற்று வருவது குறையவில்லை.

காரணங்களை மேலே உள்ள பதில்களிலிருந்தே கோக்கலாம். மாத்திரை 25-ஹைட்ராக்சியை உயர்த்தும், கால்சிட்ரியாலையோ உடல் இறுக்கமாகக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும். கட்டிக்குள் ஏற்பி குறைந்தோ சிதைக்கும் நொதி மிகுந்தோ இருக்கலாம். வைட்டல் ஆய்வில் சேர்ந்தவர்களின் தொடக்கச் சராசரி மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமை ஒட்டி இருந்தது, அதாவது பலருக்குக் குறைபாடே இல்லை. ஏற்பி ஏற்கெனவே நிறைவாக இயங்கும் இடத்தில் மேலும் ஊற்றினால் கூடுதல் பலன் எதிர்பார்க்க முடியாது.

புற்று கண்டறியப்பட்ட பின், அறுவைக்கு முந்தைய சில வாரங்களில் தினம் 40,000 அலகு கொடுத்துப் பார்த்த ஆய்வும் 2019-இல் வந்தது. கட்டியில் செல் பெருக்கத்தைக் காட்டும் கேஐ-67 என்ற குறியீடு போலி மாத்திரைப் பிரிவோடு ஒப்பிட்டால் மாறவில்லை.

சிகிச்சையில் இருக்கிறேன். வைட்டமின் டி எடுக்கலாமா?

எடுக்க வேண்டிய நல்ல காரணம் இருக்கிறது, அது எலும்பு. அனஸ்ட்ரசோல், லெட்ரோசோல் போன்ற அரோமட்டேஸ் தடுப்பிகள் எலும்பைத் தேய்க்கும். சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் ஊசிகளுக்கு முன் வைட்டமின் டி குறைவாக இருந்தால் ரத்தக் கால்சியம் திடீரென இறங்கிவிடும், அதனால் முதலில் குறைபாட்டைச் சரிசெய்வார்கள். "மரபணுவை அணைக்கும்" என்று நம்பி, எழுதிக்கொடுத்த சிகிச்சையைக் குறைப்பதோ நிறுத்துவதோ வேண்டவே வேண்டாம்.

கேட்க வேண்டிய பரிசோதனை 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம், அதாவது லிட்டருக்கு 50 நானோமோல் பெரும்பாலோருக்குப் போதுமானது என்று அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2011-இல் வகுத்தது. வயதுவந்தோர் தாமாக எடுக்கும் தினசரி மேல்வரம்பு 4000 அலகு. 40 அலகு ஒரு மைக்ரோகிராம். ரத்தத்தில் 25-ஹைட்ராக்சியின் அரைவாழ்வு இரண்டு மூன்று வாரம் என்பதால், மாத்திரை தொடங்கி ஏறக்குறைய மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளந்தால் போதும். முடிக்கும் நகத்துக்கும் அதிக அளவு பயோட்டின் எடுப்பவர்கள் பரிசோதனைக்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள். சில கருவிகளில் அது அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும்.

கவனம் தேவைப்படும் தவறுகள் இரண்டு. வாரம் ஒருமுறைக்கான அதிக அளவு மாத்திரையைத் தினமும் விழுங்குவது ஒன்று. கடையில் கால்சிட்ரியாலையும் டி3-ஐயும் ஒன்றென நினைத்து மாற்றி எடுப்பது மற்றொன்று. கால்சிட்ரியால் நேரடி ஹார்மோன், 0.25 மைக்ரோகிராம் அளவிலேயே வேலை செய்யும். மருத்துவர் எழுதாமல் தொடக் கூடாது. எலும்புக்குப் பரவிய புற்றில் கால்சியம் தானாகவே உயரக்கூடும். அங்கே கூடுதல் வைட்டமின் டி கேடு செய்யும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், குழப்பம் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே கால்சியம் பார்க்க வேண்டும்.

கால்சியத்தை உயர்த்தாத மாற்று மூலக்கூறு வராதா?

அந்த நோக்கத்தில் பல ஒப்புமூலக்கூறுகள் செய்யப்பட்டன. இபி1089 எனப்படும் சியோகால்சிட்டால் செல்களில் கால்சிட்ரியாலைவிட வலுவாக வளர்ச்சியைத் தடுத்தது. புற்றுநோயாளிகளிடம் சோதித்தபோது அளவைக் கூட்டவிடாமல் தடுத்தது அங்கும் கால்சியம்தான். தோலில் பூசும் கால்சிபோட்ரியால் சோரியாசிஸுக்கு நிலைத்த மருந்தாகிவிட்டது. மார்பகப் புற்றுக்கென ஏற்கப்பட்ட வைட்டமின் டி ஒப்புமூலக்கூறு எதுவும் இல்லை. சிதைக்கும் நொதியான சிஒய்பி24ஏ1-ஐத் தடுத்து, கட்டிக்குள் மட்டும் கால்சிட்ரியாலை நிலைக்கவைப்பது இன்னொரு பாதை. ஆனால் அந்த நொதி சிறுநீரகத்திலும் அதே வேலையைச் செய்கிறது, பரவலாகத் தடுத்தால் ரத்தக் கால்சியம் ஏறும். கட்டியை மட்டும் எட்டும்படி தடுப்பியைக் கொண்டுசேர்ப்பதுதான் இந்தப் பாதையில் இன்னும் தீர்க்க வேண்டிய சிக்கல்.